ஒத்திகை இல்லாத நாடகமும் மூன்று சாவிப் பெட்டியும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்திருப்பது பதினைந்து நிமிடம். விஷயம் இதுதான்: நம் சமுதாயக் கூடத்தில் ஒரு சின்ன நகைச்சுவை நாடகக் குழு தொடங்கலாமா, வேண்டாமா? இது எழுதி மனப்பாடம் செய்து நடிக்கிற நாடகம் இல்லை. பார்க்க வந்தவர் ஒருவர் "ரேஷன் கடை" என்றோ "மாமியார் வந்த நாள்" என்றோ எடுத்துக் கொடுக்க, மேடையில் இருப்பவர்கள் அதை வைத்து அங்கேயே பேசி நடிப்பார்கள். வெளியூரில் படிக்கும் நம் பிள்ளைகள் இதை 'இம்ப்ராவ்' என்கிறார்கள். போன கூட்டத்தில் இந்த யோசனை வந்தபோது இரண்டு ஆட்சேபணைகள் எழுந்தன. ஒன்று, காசு: கூடத்தை விசேஷங்களுக்கு வாடகைக்கு விட்டால் வரும்படி உண்டு, இதில் என்ன வரும்? இரண்டு, சண்டை: ஒருவரை ஒருவர் கேலி செய்து கடைசியில் பராமரிப்புத் தொகை பாக்கி வரை போய் நிற்கும்.

இரண்டும் நியாயமான கேள்விகள். நான் பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். நாடகக்காரன் இல்லை. அதனால் கணக்கு வழியாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இது அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய சரக்கு என்று நினைக்காதீர்கள். நத்தம் பக்கமோ வேடசந்தூர் பக்கமோ கோயில் திருவிழாவில் விடிய விடிய 'வள்ளி திருமணம்' பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள். பாதிக்கு மேல் இருக்கிறது. அந்த நாடகத்துக்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஏன் பேர் வந்தது தெரியுமா? அதில் குழுவே கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாக, ஸ்பெஷலாக, அந்த ஒரு ராத்திரிக்குப் பேசி முன்பணம் கொடுத்துக் கூட்டி வருகிறார்கள். இயக்குநர் கிடையாது. ஒத்திகை கிடையாது. சில நேரம் வள்ளியும் முருகனும் முதன்முதலாகச் சந்திப்பதே மேடையில்தான்.

பிறகு எப்படி நாடகம் நடக்கிறது? கதைப்போக்கும் பாட்டும் எல்லாருக்கும் தெரியும். 1867 முதல் 1922 வரை வாழ்ந்த சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்த பாதை அது. நடுவில் வரும் தர்க்கமும் கிண்டலும் அன்றைய ராத்திரிக்குச் சொந்தம். நாரதர் கேட்பதற்கு வள்ளி என்ன பதில் சொல்வார் என்பது வள்ளிக்கே அப்போதுதான் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு மேல் பபூன் தனியாக வந்து நிற்பார். மிருதங்கக்காரரிடம் பேச்சுக் கொடுப்பார். அவர் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, தூங்க வந்த கூட்டம் எழுந்து உட்காரும். உலகத்தில் எங்கெங்கோ கட்டணம் கட்டிக் கற்றுக்கொள்ளும் கலையை நம் ஊர்ப் பொட்டலில் பாய் விரித்துப் பார்த்திருக்கிறோம். மதுரை, புதுக்கோட்டை போல நம் திண்டுக்கல்லிலும் இந்தக் கலைஞர்களுக்கு நாடக நடிகர் சங்கம் உண்டு.

இப்போது காசுக்கு வருகிறேன். வணிகவியலில் முதல் வருடமே சொல்லிக் கொடுப்பது நிலையான செலவு, மாறும் செலவு. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டிய வாடகை, சம்பளம், வரி எல்லாம் நிலையான செலவு. நிகழ்ச்சி நடந்தால் மட்டும் ஆவது மாறும் செலவு. சின்ன நாடகக் குழுக்களை விழுங்குவது முதல் வகைதான்.

பழைய பாய்ஸ் கம்பெனிகளை எண்ணிப் பாருங்கள். பையன்களுக்குச் சாப்பாடு, தங்குமிடம், வாத்தியார், திரை, உடுப்பு எல்லாம் கம்பெனி பொறுப்பு. நாடகம் இல்லாத நாளிலும் உலை கொதிக்க வேண்டும். ஸ்பெஷல் நாடகம் அதை அப்படியே புரட்டிப் போட்டது. நாடகம் உண்டென்றால் செலவு உண்டு, இல்லையென்றால் இல்லை. அது நூறு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. ஆனால் பேரேட்டில் ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கம் ஏறத்தானே வேண்டும்? அந்தச் சுமை கலைஞர் தலையில் ஏறியது. திருவிழாக் காலம் முடிந்தால் அவருக்குத் தேதி இல்லை. தேதி இல்லையென்றால் வருமானம் இல்லை. சேமநல நிதியும் இல்லை. இதை நாம் மறக்கக் கூடாது. கடைசியில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

வெளிநாட்டுக் கணக்கும் இதேதான். சிகாகோ நகரத்தில் 'செகண்ட் சிட்டி' என்ற நகைச்சுவை அரங்கம் 1959 டிசம்பரில் தொடங்கியது. பழைய சலவைக் கடை ஒன்றை மாற்றி அரங்கமாக்கினார்கள். மேசை போட்டு, குடிக்கக் கொடுத்து, அதிலும் காசு பார்த்தார்கள். பிறகு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். இன்றைக்கும் இந்த மாதிரி அரங்கங்கள் பலவற்றுக்குக் கை கொடுப்பது வகுப்புக் கட்டணம். அதே ஊரில் 'ஐஓ' என்று இன்னொரு பேர் பெற்ற அரங்கம். 2020இல் கொரோனா வந்து நிகழ்ச்சி நின்றது, சொத்து வரி நிற்கவில்லை. அந்த ஜூன் மாதம் மூடுவதாக அறிவித்தார்கள். இரண்டு வருடம் கழித்து வேறு உரிமையாளர்கள் வந்துதான் திறந்தது. கட்டடம் வைத்திருப்பது பலமா, பாரமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நமக்கு அந்தப் பாரம் இல்லை. கூடம் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, ஆயுத பூஜைக்கு வாங்கிய மைக் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, ஐந்தரை முதல் ஏழு வரை. அன்றைக்குக் கூடத்துக்கு வாடகை முன்பதிவு வந்தால் வாடகைக்கே முதலிடம். நாங்கள் கார் நிறுத்தும் இடத்துக்குப் போய்விடுகிறோம். ஆக, சங்கத்துக்கு வரும்படி இழப்பு இல்லை.

என் உத்தேசக் கணக்கு இது. பார்வையாளர் 40 பேர், தலைக்கு 30 ரூபாய், வரவு 1,200. சுண்டல், தேநீர் 400. கூடம் பெருக்கும் அம்மாவுக்குக் கூடுதல் வேலைக்காக 200. மின்சாரத்துக்குச் சங்கத்தில் கட்டுவது 100. மீதி 500. ஆறு நிகழ்ச்சிக்கு 3,000 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் கடன் இல்லாத தொகை.

அந்த 3,000 ரூபாயை யார் வைத்திருப்பது? இங்கேதான் குழுக்கள் உடைகின்றன. இதற்கு 1545ஆம் வருடத்து இத்தாலிக்காரர்கள் நமக்கு வழி சொல்லியிருக்கிறார்கள். அந்த வருடம் பிப்ரவரி 25ஆம் தேதி, பதுவா என்ற ஊரில், எட்டு நடிகர்கள் சேர்ந்து பத்திரம் எழுதிக்கொண்டார்கள். இப்போது கிடைத்திருக்கும் நாடகக் குழு ஒப்பந்தங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று அது. கதையின் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மேடையில் பேசி நடிக்கும் மரபு அங்கே வளர்ந்த காலம். பத்திரத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? பணத்தை ஒரு பெட்டியில் போட வேண்டும். அதற்கு மூன்று சாவி, மூன்று பேரிடம். ஒருவருக்கு நோய் வந்தால் பொதுப் பணத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். சாமான் சுமக்கப் பொதுவில் ஒரு குதிரை வாங்க வேண்டும். தங்களுக்குள் காசு வைத்துச் சீட்டாடக் கூடாது, தின்பண்டத்துக்கு ஆடலாம்.

வங்கியில் காசறையைத் திறக்க இரண்டு பேர் சாவி வேண்டும் என்பதைப் பார்த்துப் பழகியவன் நான். பத்திரம் எழுதியவர் யாரோ, நம் ஆள்தான் என்று தோன்றியது. நமக்குக் குதிரை தேவையில்லை. பெட்டியும் மூன்று பூட்டும் போதும். பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் இருந்துகொண்டு அதற்கு வெளியூர் போகவா போகிறோம்? ஒரு சாவி நடிப்பவரிடம், ஒன்று சங்கப் பொருளாளரிடம், ஒன்று இந்தக் குழுவே வேண்டாம் என்று சொல்லும் ஒருவரிடம். மூன்றாவது ஆள்தான் முக்கியம்.

இனி இரண்டாவது ஆட்சேபணை, சண்டை.

இந்தக் கலையின் அடிப்படை விதி நம் வீட்டுக்கே தேவையானது. எதிரில் இருப்பவர் சொன்னதை மறுக்காதே. ஏற்றுக்கொண்டு மேலே ஒன்று சேர். ஒருவர் "டாக்டர், என் பல் வலிக்குது" என்று தொடங்கினால், "நான் டாக்டர் இல்லையே" என்றால் நாடகம் அங்கேயே முடிந்தது. "போன வாரம் பிடுங்கின பல்லா, பிடுங்காத பல்லா?" என்றால் ஓட ஆரம்பிக்கிறது. எதிராளி பேசுவதைக் கடைசி வார்த்தை வரை கேட்டால்தான் இது முடியும். நம் பொதுக்குழுவில் அப்படிக் கேட்கிறோமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்தப் பயிற்சிகள் பலவற்றை வகுத்தவர் வயோலா ஸ்போலின் என்ற அம்மையார். சிகாகோவில் பல நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் கூடும் சமூக இல்லத்தில் பயிற்சி எடுத்தவர். வேறு வேறு பாஷைக்காரர் பிள்ளைகள் சேர்ந்து பழக விளையாட்டுகள் அமைத்தார். 1963இல் புத்தகமாக வந்தது. செகண்ட் சிட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர் மகன். ஆக இது முதலில் ஒரே கட்டடத்தில் புழங்கும் அந்நியர்களைப் பழக வைக்க வந்த விளையாட்டு. நம் கட்டடத்தில் மின்தூக்கியில் தினமும் பார்த்தும் பேர் தெரியாதவர்கள் எத்தனை பேர்?

ஆனாலும் சிரிப்புக்குக் கத்தி முனை உண்டு. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் பக்கத்து மேடையிலேயே இரண்டும் நடந்திருக்கிறது. சிவகாசி விசுவநாத தாஸ் முருகன் வேஷத்தில் நின்று தேச விடுதலைப் பாட்டைச் சேர்த்துப் பாடியவர். நாடகங்களைக் கட்டுப்படுத்த 1876லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டிருந்த நாட்டில், மேடையில் என்ன வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாததே பெரிய ஆயுதம். பல முறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் மேடையிலேயே உயிர் விட்டார். அது தன்னைவிடப் பலமானவனைப் பார்த்துப் பேசிய பேச்சு. இன்னொரு பக்கம், பொம்பளை, ஊனமுற்றவர், கறுப்பாக இருப்பவர் என்று பதில் சொல்ல முடியாதவரைப் பார்த்துச் சிரிக்க வைத்த பேச்சும் மேடையில் நிறைய உண்டு. அது சுலபம். கைதட்டும் கிடைக்கும்.

ஆகவே நான் முன்மொழியும் விதிகள் நான்கு.

1. நம் காவலாளி, வீட்டு வேலை செய்பவர்கள், துப்புரவுப் பணியாளர்கள் பற்றி மேடையில் பேச்சே கூடாது. அவர்கள் திரும்பிச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயப்படுவார்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் கேலி இல்லை.

2. சாதி, மதம், உடல், யார் வீட்டில் பிள்ளை இல்லை, யார் பிள்ளைக்கு வேலை இல்லை - இவை கிடையாது.

3. சங்க நிர்வாகிகளைக் கேலி செய்யலாம். தலைவர் சிரிக்கிறார், ஒப்புதல் என்று குறித்துக்கொள்கிறேன்.

4. பார்ப்பவரில் யாராவது கை தூக்கினால் காட்சி அந்த நொடியே நிற்கும். ஏன் என்று அங்கே கேட்கக் கூடாது.

கடைசியாக, அந்த 3,000 ரூபாய். ஆறு மாதம் கழித்து, திருவிழாத் தேதிகள் ஓய்ந்திருக்கும் காலத்தில், ஒரு பபூனையும் ஒரு மிருதங்கக் கலைஞரையும் நம் கூடத்துக்கு அழைப்போம். அன்றைக்கு மட்டும் நுழைவு 100 ரூபாய். 60 பேர் வந்தால் 6,000, சேமித்தது 3,000, ஆக 9,000. அவர்கள் கேட்கும் தொகையை முன்பணத்தோடு கொடுத்து, வண்டி வாடகையையும் கொடுப்போம். சால்வை போர்த்திப் படம் எடுத்து அனுப்புவதைக் கௌரவம் என்று சொல்ல வேண்டாம். சால்வையை வைத்து யாரும் அரிசி வாங்க முடியாது. அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ளப் போகிறோம்; கற்றுக்கொடுப்பவருக்குக் கொடுப்பது கட்டணம்.

எட்டுப் பேர் வேண்டும். இதுவரை ஐந்து பேர் கொடுத்திருக்கிறார்கள்; அதில் ஒருவருக்கு வயது 74, ஒருவருக்கு 11. வாய் பேசத் தெரிந்தவர்களை நான் தேடவில்லை. காது கொடுக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் இது வாக்கெடுப்புக்கு வருகிறது. எதிர்த்து வாக்களிக்க நினைப்பவர்கள் அவசியம் வாருங்கள். மூன்றாவது சாவிக்கு உங்களில் ஒருவர் தேவை.