மணமகன் வீட்டுக்குப் போகும் படம்

(சேதராப்பட்டில் நடந்த ஒரு திரையிடலுக்குப் பின் பேசியதன் எழுத்து வடிவம்)



நாம் இப்போது பார்த்த 'போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி ஆன் ஃபயர்', 2019இல் செலின் சியாமா இயக்கிய பிரெஞ்சுப் படம். கதை 1770 வாக்கில் பிரித்தானி கடற்கரையில் நடக்கிறது. புதுச்சேரிக்குக் கம்பெனிக் கப்பல்கள் புறப்பட்ட லோரியான் துறைமுகமும் அதே பகுதிதான். அந்நியக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது.

எலோயீஸை மிலான் நகரத்து ஆண் ஒருவனுக்குக் கட்டிக் கொடுக்க வேண்டும். அவனுக்கு அனுப்ப அவளை ஓவியமாக வரைய வருகிறாள் மரியான். இருவரும் காதலிக்கிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது காதல் காட்சி அல்ல, அம்மா சொல்லும் ஒரு செய்தி. அவர் மணமகளாக அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது, அவருடைய ஓவியம் ஏற்கெனவே வந்து சுவரில் தொங்கிக் கொண்டிருந்ததாம்!

ஜாதகத்தோடு நம் வீடுகளிலிருந்து போகும் போட்டோ வேறென்ன? அங்கே குலமும் சொத்தும்; இங்கே கூடுதலாகச் சாதியும் உட்பிரிவும். அகமணம்தான் சாதியின் உயிர்நாடி, அதைக் காக்கவே பெண் மீது இத்தனை கட்டுப்பாடு என்று 1916இலேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார். ஒரு பெண் இன்னொரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் போட்டோ போக இடமில்லை. ஆத்திரம் அதனால்தான். (பணிப்பெண் சோஃபியைப் பற்றி அடுத்து வரும் தோழர் பேசுவார்.)

பிரான்சு 1791இலேயே ஒருபால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதே பிரான்சு 1819இல், புதுச்சேரி இந்தியர்களுக்கு அவரவர் சாதி வழக்கப்படியே நீதி என்று ஆணையிட்டது. தண்டனைச் சட்டம் விட்டதைச் சாதி வழக்கம் பிடித்துக் கொண்டது.

2025 மே மாதம், குடும்பத்தார் அடைத்து வைத்த 25 வயதுப் பெண்ணை மீட்க அவருடைய தோழி ஆட்கொணர்வு மனு போட்டார். திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழி அல்ல என்று சொல்லி, சென்னை உயர்நீதிமன்றம் அப்பெண்ணை அவர் விருப்பப்படி போகவிட்டது.

சாதி மறுப்பு இணையர் வந்தால் இரவோடு இரவாக அடைக்கலம் தருகிறோம், மாலை எடுத்துக் கொடுக்கிறோம். நாளை இரண்டு பெண்கள் வந்து கதவைத் தட்டினால்? "அம்மா அப்பாவிடம் பேசிப் பார்க்கலாம்மா" என்று போனை எடுப்போமா? விவாதத்தை இதிலிருந்தே தொடங்குங்கள்.