நன்றி கூறும் நாளும் நமது கடமையும்

(ஆதரவாளர் கூடுகையில் அளிக்கப்பட்ட செய்தி)



அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை நன்றி கூறும் நாளாக ஆசரிக்கப்படுகிறது. அதன் தொடக்கத்தையும் பொருளையும் இன்று நாம் சற்றே சிந்திப்போம்.

1620-ம் ஆண்டு 'மேஃபிளவர்' கப்பலில் 102 பயணிகள் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்து, பிளிமத்தில் குடியேறினார்கள். தங்கள் மனச்சாட்சியின்படி தேவனை ஆராதிக்க விரும்பியவர்கள் அவர்களில் பலர். ஆனால் முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறையப் பாதிப்பேர் நோயினால் மரித்துப்போனார்கள்.

மீந்தவர்களுக்குக் கைகொடுத்தவர்கள் யார்? அம்மண்ணின் மக்களாகிய வாம்பனோவாக் இனத்தாரே. ஸ்குவாண்டோ என்பவர் மீனை எருவாக இட்டு மக்காச்சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்தார். இவரோ 1614-ல் ஆங்கிலேயக் கப்பல்தலைவன் ஒருவனால் கடத்தப்பட்டு ஸ்பெயின் தேசத்தில் விற்கப்பட்டவர். 1619-ல் அவர் திரும்பி வந்தபோது, கொள்ளைநோயினால் அவருடைய கிராமமே அழிந்துபோயிருந்தது. அந்த இடத்தில்தான் பிளிமத் எழும்பிற்று. தம்மை விற்றவனுடைய தேசத்தாருக்கே அவர் பிழைக்கும் வழியைக் காட்டினார்!

1621-ல் விளைச்சல் கண்டபோது மூன்று நாள் விருந்து நடந்தது. தலைவர் மாசசாய்ட் 90 பேருடன் வந்தார். ஐந்து மான்களையும் அவர்கள் கொண்டுவந்தார்கள்.

பின்னர், சாரா ஜோசபா ஹேல் என்னும் பத்திரிகை ஆசிரியை பல ஆண்டுகள் விடாமல் வேண்டியதன் பலனாக, 1863-ல் உள்நாட்டுப் போரின் நடுவிலே ஜனாதிபதி லிங்கன் இந்நாளைத் தேசமெங்கும் ஆசரிக்க அறிவித்தார். இன்றைய தேதி முறை 1941-ல் சட்டமாயிற்று.

ஆனால் ஒன்றை நாம் மறைக்கலாகாது. விருந்துக்கு 54 ஆண்டுகளுக்குப் பின், 1675-ல், குடியேறியவர்களுக்கும் மாசசாய்டின் மகனுக்கும் போர் மூண்டது. உதவி செய்தவர்களின் சந்ததியார் அநேகர் கொல்லப்பட்டார்கள். பலர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். ஆகையால், 1970 முதல் பூர்வகுடி மக்கள் அதே நாளில் பிளிமத்தில் கூடித் துக்கம் அனுசரிக்கிறார்கள்.

பிரியமானவர்களே, தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, அவர் எந்தக் கைகளின் வழியாய் ஆகாரம் தந்தாரோ அந்தக் கைகளை மறந்தால், நம் நன்றி பாதி நன்றியே. சுகம்பெற்ற பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்தவன் அந்நியனாகிய சமாரியன் ஒருவனே என்பதை நாம் அறிவோம். நம் தட்டில் இருக்கும் சோற்றுக்கு விதைத்தவர், அறுத்தவர், சுமந்தவர் எத்தனை பேர்! அவர்களில் ஒருவருக்காவது இந்த வாரம் நன்றி சொல்வோம். கூலி குறைந்திருந்தால் அதையும் நிறைவாக்குவோம். அதுவே கர்த்தருக்குப் பிரியமான அறுப்பின் காணிக்கை.

ஆமென்.