வீட்டுக் கணினியில் பள்ளியின் பதிவேடுகள்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினியைச் சுத்தம் செய்வது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். துணியால் துடைப்பது பற்றியல்ல. உள்ளே புகுந்துகொள்ளும் தீநிரல்களை, நாம் பொதுவாக வைரஸ் என்கிறோமே, அவற்றைக் கண்டறிந்து நீக்குவது பற்றி. அதெல்லாம் கணினி ஆசிரியரின் வேலை என்று பலர் நினைக்கிறோம். ஆனால் உங்கள் வீட்டுக் கணினியில் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மதிப்பெண் பட்டியல், தேர்வு வினாத்தாள், எமிஸ் தளத்தில் ஏற்றுவதற்காகத் திரட்டிய விவரங்கள், மாணவர்களின் வங்கிக் கணக்கு எண்கள், பெற்றோரின் கைபேசி எண்கள். பள்ளியில் இவை பீரோவில் பூட்டிக் கிடக்கும். வீட்டிலோ, பிள்ளைகள் விளையாட்டுகளைப் பதிவிறக்கும் அதே கணினியில் இருக்கின்றன.

நம்மிடையே மிகுதியாக உலவுவது பென் டிரைவ் வழியே வரும் ஷார்ட்கட் வைரஸ். வினாத்தாளைப் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோன பென் டிரைவை வீட்டில் திறக்கிறீர்கள். ஒவ்வொரு கோப்புறையின் மூலையிலும் வளைந்த சிறு அம்புக்குறி ஒன்று ஒட்டியிருக்கிறது. எல்லாம் போயிற்று என்று பதறி ஃபார்மட் செய்துவிடுகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது. அந்தத் தீநிரல் உங்கள் உண்மையான கோப்புகளை மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில் போலிக் குறுக்குவழிகளை நிறுத்தியிருக்கிறது. போலியைச் சொடுக்கியதும் முதலில் தான் இயங்கிக்கொள்ளும். பிறகு உங்கள் கோப்புறையையும் திறந்து காட்டும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அந்த நொடியில் அது கணினிக்குள் குடியேறிவிடும். அடுத்து எந்தப் பென் டிரைவைச் செருகினாலும் அதற்கும் தொற்றிக்கொள்ளும். எனவே பென் டிரைவை மட்டும் சுத்தம் செய்தாலும் பயனில்லை, கணினியை மட்டும் செய்தாலும் பயனில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும்.

இங்கே ஒரு சிறு உத்தி. அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது நினைவிருக்கும். நம்மில் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை! விண்டோஸுக்காக எழுதப்பட்ட இந்தக் குறுக்குவழிகள் லினக்ஸில் இயங்காது. மறைக்கப்பட்ட கோப்புகளோ அங்கே சாதாரணமாகவே கண்ணுக்குத் தெரியும். அவசரத்துக்கு வினாத்தாளை மீட்க அது போதும்.

இனி கணினிக்கு வருவோம். முதலில் இணைய இணைப்பில் இருக்கும்போதே விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, அதன் வைரஸ் பட்டியலைப் புதுப்பியுங்கள். பழைய பட்டியலோடு தேடுவது சென்ற ஆண்டு வருகைப் பதிவேட்டை வைத்து இந்த ஆண்டுப் பிள்ளைகளை அழைப்பது போலத்தான். பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டு, பென் டிரைவும் செருகியிருக்க, ஃபுல் ஸ்கேன் கொடுங்கள். குயிக் ஸ்கேன் வழக்கமான சில இடங்களை மட்டுமே பார்க்கும். ஃபுல் ஸ்கேனுக்குச் சில மணி நேரம்கூட ஆகலாம். பென் டிரைவையும் அது பார்த்ததா என்ற ஐயம் இருந்தால், அந்த டிரைவின் மேல் வலது சொடுக்கித் தனியாகவும் ஸ்கேன் செய்யலாம்.

நீக்கிய பிறகும் மறுநாள் அதே அம்புக்குறிகள் தோன்றினால், ஸ்கேன் ஆப்ஷன்ஸில் இருக்கும் ஆஃப்லைன் ஸ்கேனைப் பயன்படுத்துங்கள். கணினி அணைந்து மீண்டும் எழும்போது, விண்டோஸ் முழுமையாக விழிப்பதற்கு முன்பே தேடல் நடக்கும். இயங்கிக்கொண்டிருக்கும்போது ஒளிந்துகொள்ளும் தீநிரல்கள் இதில் சிக்கும். ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். திறந்திருக்கும் கோப்புகளை முன்கூட்டியே சேமித்துவிடுங்கள். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பைக் கொண்டும் ஒருமுறை தேடலாம். ஆனால் எந்நேரமும் காவல் காக்கும் ஆண்டிவைரஸ் இரண்டை ஒரே கணினியில் வைக்காதீர்கள். ஒன்றையொன்று சந்தேகித்து, கணினியை நத்தையாக்கிவிடும். சந்தா முடிந்துபோன பழைய ஆண்டிவைரஸ் ஏதேனும் இருந்தால் முறையாக நீக்குங்கள். விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். சாதாரண வீட்டுப் பயன்பாட்டுக்கு அது போதும் என்பதே என் கருத்து.

சுத்தம் செய்து முடித்தபின் பலர் மறப்பது கடவுச்சொல். தீநிரல் இருந்த நாட்களில் நீங்கள் தட்டச்சு செய்ததெல்லாம் வெளியே போயிருக்கலாம். எமிஸ், மின்னஞ்சல், வங்கி ஆகிய மூன்றின் கடவுச்சொற்களையும் வேறொரு நல்ல கருவியிலிருந்து மாற்றுங்கள்.

காவல் என்று வரும்போது புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடுவதுதான் நம் பெரிய வழக்கம். 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தன. உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்று பாருங்கள். தாங்காவிட்டால் லினக்ஸ் ஒரு நல்ல வழி.

திருட்டுப் பதிப்பு மென்பொருள்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘ஆண்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்’ என்று ஒரு குறிப்பு அவற்றோடு வரும். காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திற என்று யாராவது சொன்னால் திறப்போமா? தமிழ்த் தட்டச்சுக்காக அப்படி எதையும் தேட வேண்டியதில்லை. யூனிகோடு எழுத்துருக்களும் தமிழ்99 விசைப்பலகையும் இன்றைய விண்டோஸிலேயே இருக்கின்றன.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வகையில் மட்டும், ஆண்டிவைரஸ் தீநிரலை நீக்கினாலும் பூட்டு கழலாது. கைகொடுப்பது நகல் ஒன்றுதான். வாரம் ஒருமுறை வெளி வன்தட்டில் நகலெடுத்து, எடுத்தவுடன் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே இருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும்.

இணையத்தில் உலவும்போது, ‘உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரை அலறினால் அழைக்காதீர்கள். உண்மையான ஆண்டிவைரஸ் தொலைபேசி எண் தந்து அழைக்கச் சொல்லாது. பணம் பறிபோய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

நேற்றே கேட்டுக்கொண்டபடி பென் டிரைவ் கொண்டு வந்திருப்பீர்கள். பெயர் எழுதி ஒட்டி, முன் மேசையில் வையுங்கள். ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து பார்ப்போம். எதில் என்ன இருந்தது என்பதை அவரவரிடம் மட்டும் சொல்கிறேன்.