இ-பாஸ்ல இடம் இல்லாத காரணம்

2020 ஜூன் ஞாபகம் இருக்கா? சென்னையையும் சுத்தியிருக்குற மாவட்டங்கள்ல சில பகுதிகளையும் 19-ஆம் தேதியில இருந்து 30 வரைக்கும் மறுபடி மூடுனாங்க. காய்கறி, மளிகைக் கடையெல்லாம் மதியம் 2 மணி வரைதான்.

மேன்ஷன்ல இருந்த நம்ம புதுக்கோட்டைப் பசங்க பல பேருக்கு வேலை நின்னுச்சு, வாடகை நிக்கல. ஊருக்கு வர இ-பாஸ் வேணும். அதுக்கு முக்கியமான காரணங்கள்: கல்யாணம், இறப்பு, அவசர சிகிச்சை. "கையில காசில்ல, வீட்டுக்குப் போறேன்"னு சொன்னா எடுபடாது. அதனால ராத்திரியோட ராத்திரியா பைக்ல கிளம்புனவங்களும் உண்டு. செப்டம்பர் 1-லதான் மாநிலத்துக்குள்ள இ-பாஸ் தேவையில்லைன்னு ஆச்சு.

நம்மள்ல நிறைய பேர் ஃபார்ம் டிசைன் பண்றவங்க. அடுத்த தடவை டிராப்டவுன் போடும்போது, அதுல தன்னோட காரணம் இல்லாத ஆள் யாருன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.