தெருவில் தொடங்கும் உத்தியோகம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். மண்ணோடும் சிமெண்டோடும் காலங்கழித்த என்னை இம்முறை அழைத்ததற்குக் காரணம், நம் காலனியைச் சேர்ந்த ஓர் அம்மையார் சென்ற மாதம் என்னைக் கேட்ட ஒரு கேள்வியேயாகும். அவர்தம் மைந்தன் பொறியியற் பட்டம் பெற்று, மெட்ரோ ரயில் திட்டமொன்றில் உதவி மேலாளனாகத் தெரிவு செய்யப்பட்டிருக்கிறான். அதே வாரத்தில் பெங்களூர்க் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றிலிருந்தும் அழைப்பு வந்திருக்கிறது. "மேலாளர் என்கிறார்கள், ஆனால் ராத்திரியில் தெருவில் நிற்க வேண்டுமாமே! இதற்கா நாலு வருஷம் படிக்க வைத்தோம்? நீங்களே சொல்லுங்கள், ஸார்" என்றார் அவர். அன்று விடை கூறாது வந்துவிட்டேன். செயலாளர் அதனையறிந்து, அவ்விடையை எல்லார்க்கும் பொதுவாகச் சொல்லிவிடும்படி பணித்தார்.

இரவில் தெருவில் நிற்க வேண்டும் என்பது உண்மையே. நாம் வாழும் இத்தில்லி மாநகரில் கனரக வண்டிகள் பகலில் விருப்பம்போல் ஓட இயலாது. ஆதலின் கான்கிரீட்டும் இரும்பும் இரவில்தான் வந்து சேரும். சாலைக்கு மேலே பெரும் உத்தரங்களை ஏற்ற வேண்டுமாயின், போக்குவரத்துப் போலீசார் சாலையை அடைக்க இசைவதும் நள்ளிரவில்தான். அவ்விரவில் ஒரு கிரேன் பழுதாகிவிட்டால், விடியுமுன் சாலையைத் திறந்துவிட்டு, மறுநாள் மீண்டும் இசைவு கேட்டு நிற்கவேண்டும். மேலாளர் என்ற பெயர் கேட்டு நாற்காலியை நினைப்போர், முதல் சில ஆண்டுகளுக்கு அந்நினைவை மறந்துவிடுவதே நலம்.

அங்கே நிற்கும் இளைஞன் எதனை நிர்வகிக்கிறான்? கட்டுமானம் அதில் ஒரு பகுதியே. மின்கம்பி, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், தொலைபேசிக் கம்பி, மரங்கள், கடைக்காரர்கள், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் என இவற்றுக்கெல்லாம் வழி செய்த பின்னரே முதல் தூணுக்குக் குழி தோண்ட முடியும். கல்கத்தாவின் கதை இதற்குச் சான்று. அங்கே 1972 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். முதல் வண்டி ஓடியது 1984 அக்டோபரில். டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை 16 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான அப்பாதை முழுமை பெற்றது 1995-ல். பணம் சிறுகச் சிறுக வந்தது ஒரு காரணம். வீதியையே மேலிருந்து வெட்டி இறங்கியபோது எதிர்ப்பட்ட குழாய்களும் வழக்குகளும் வேறு காரணங்கள். அம்முதல் முயற்சியில் பட்ட துன்பத்தைப் பின்வந்தோர் பாடமாகக் கொண்டனர். தில்லியில் 1998-ல் பணி தொடங்கி, 2002 டிசம்பரில் ஷாஹ்தராவிலிருந்து தீஸ் ஹஜாரிக்கு வண்டி ஓடியது. 2005-ல் சாவ்ரி பஜாரின் பழைய வீடுகளுக்கு அடியிலும் ஓடியது. வேலைத்தளங்களில் இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் கடிகாரங்களை மாட்டிவைத்திருந்ததை நம்மிற் பலர் கண்டிருப்பீர்கள்.

நிற்க. என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லாமல் இப்பேச்சை முடித்தால் நேர்மையாகாது.

அப்பொழுது எனக்கு வயது 23. மேற்கிந்திய நகரமொன்றில் பேருந்து நிலையம் ஒன்றை விரிவாக்கும் பணியில் இருந்தேன். குடிநீர்க் குழாய் எங்கே செல்கிறது என்று காட்டும் வரைபடம் என் கையில் இருந்தது. அலுவலக முத்திரையும் அதில் இருந்தது. அவ்வட்டாரத்தில் தண்ணீர் திறந்துவிடும் பணியாளரைச் சாவிவாலா என்பர். ஓய்வுபெறும் வயதினரான அவர் என்னருகே வந்து, "சாஹேப், இயந்திரத்தை விடுமுன் கையால் ஒரு குழி வெட்டிப் பாருங்கள், குழாயை முன்னொரு சமயம் இந்தப் பக்கம் மாற்றினார்கள்" என்றார். கையால் வெட்டினால் அரை நாள் போகும். நான் வரைபடத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை, ஒதுங்கி நின்றுகொண்டார். பதினொரு மணிக்கு இயந்திரத்தின் பல் குழாயைக் கிழித்தது. குழி முழுதும் நீர்.

நான்கு சந்துகளில் இரண்டு நாட்கள் குழாயில் சொட்டு நீர் இல்லை. தண்ணீர் லாரியுடன் என்னை அனுப்பினார்கள். வரிசையில் ஒற்றைக் குடத்துடன் நின்ற மூதாட்டி ஒருவர் என்னை ஏசவில்லை. "உன் வீட்டில் இன்று தண்ணீர் வந்ததா, மகனே?" என்று மட்டுமே கேட்டார். வந்தது என்றேன். அன்று காலையில் நான் இரண்டு வாளி நீரில் குளித்துவிட்டு வந்திருந்தேன். அரை நாளை மிச்சப்படுத்தப் போய் ஒன்பது நாட்களை இழந்தோம். அதன் பிறகு நான் பணியாற்றிய ஊர்களிலெல்லாம் முதலில் தேடிச் சென்றது சாவிவாலாவைத்தான், வரைபடம் அடுத்தபடி.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அளவுப் புத்தகத்தில் நீங்களே அளக்காத ஒன்றுக்குக் கையெழுத்திட வேண்டா. காண்ட்ராக்டருக்குப் பணம் கொடுப்பது அக்கையெழுத்தை நம்பியே. கான்கிரீட்டில் கனசதுரக் கட்டிகள் வார்த்து 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் உடைத்துச் சோதிப்பார்கள். அங்கே நேரில் நில்லுங்கள். உங்களுக்கு ஒரு பேறும் உண்டு. வேலை செய்வோர் பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். இங்கே பிறந்து வளர்ந்த நீங்கள் அவர்களோடு தடையின்றி இந்தி பேசுவீர்கள். எனக்கு அதற்கே இரண்டாண்டு பிடித்தது.

இத்துறையில் தலைசிறந்து விளங்கிய ஸ்ரீதரன் அவர்களும் 1954-ல் தென்னக ரயில்வேயில் பயிற்சிநிலை உதவி எஞ்சினீயராகத் தொடங்கியவரே. 1964 டிசம்பர்ப் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தபோது அவருக்கு வயது 32. அதனை 46 நாட்களில் மீட்டார். அதனை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல விரும்புவது வேறொன்று. 2009 ஜூலை 12-ஆம் நாள் தென்தில்லி ஜம்ருத்பூரில், கட்டிக்கொண்டிருந்த மெட்ரோப் பாலம் சரிந்து ஆறு பேர் மாண்டனர். தூண்முடியின் வடிவமைப்பில் குறையிருந்தது. திட்டத்தின் தலைவராயிருந்த அவர், பொறுப்பு தம்முடையதே என்று அன்றே பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அது ஏற்கப்படவில்லை, பணியைத் தொடர்ந்தார். தாய்மார்களிடம் இதனை மறைத்துப் பேசுதல் முறையன்று. அபாயம் உண்டு. தலைக்கவசமும் இடுப்புக் கயிறும் தம்மிடம் வேலை செய்யும் கடைசி ஆள்வரை இருக்கின்றனவா என்று பார்ப்பதும் இவ்வுத்தியோகத்தின் பகுதியே.

சம்பளம் பெங்களூரைவிடக் குறைவுதான். அதையும் அம்மையாரிடம் சொல்லிவிட்டேன். பதில் எழுத இன்னும் நான்கு நாட்கள் இருக்கின்றன என்றான் பையன். நாளை இரவு பதினொரு மணிக்கு உத்தரம் ஏற்றும் இடமொன்றுக்கு அவனை அழைத்துச் செல்கிறேன். தடுப்புக்கு வெளியே நின்று பார்க்கலாம். தாயாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். குளிர் கடுமையாயிருப்பதால் கம்பளிச் சால்வை எடுத்துவரும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.