கல்லைக் கொடுத்தவர்களே, சீட்டைக் கொடுங்கள்!

(குவைத் நாட்டின் அப்பாசியாவில் 15–7–2022 வெள்ளிக்கிழமை மாலை கூடிய தமிழர்களிடையே ஆற்றிய உரை)



கடந்த திங்கட்கிழமை, சென்னை ராயப்பேட்டையில் அவ்வை சண்முகம் சாலையிலுள்ள அ.தி.மு.க. தலைமை நிலையத்தின் வாசலில், ஒரே கொடியைப் பிடித்து, ஒரே தலைவரின் படத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்த எடப்பாடி பழனிசாமி கூட்டத்தாரும் ஓ. பன்னீர்செல்வம் கூட்டத்தாரும் ஒருவர்மேல் ஒருவர் கல்லெறிந்து, வாகனங்களை நொறுக்கி, கதவை உடைத்து, இறுதியில் வருவாய்த்துறை அதிகாரிகள் வந்து அந்த மாளிகைக்கே முத்திரை வைக்கும் நிலையை உண்டாக்கினார்கள் என்று கேட்டபோது எனக்கு வருத்தம் உண்டாயிற்று. ஆனால், அன்றிரவே இந்த அப்பாசியாவில், ஒரே அறையில் மேல்கட்டிலிலும் கீழ்க்கட்டிலிலும் படுத்துறங்குகிற பன்னீர்செல்வம் பக்கத்துத் தேனிக்காரர் ஒருவரும் பழனிசாமி பக்கத்துச் சேலத்துக்காரர் ஒருவரும் அதே விவகாரத்துக்காகக் கைகலந்து, ஒருவர் நெற்றி கிழிந்து, போலீசைக் கூப்பிடுவேன் என்று கட்டடக் காவலாளி மிரட்டும்வரை போயிற்று என்று அறிந்தபோது, வருத்தம் போய்க் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் பேசுகிறேன். மதுரமான பிரசங்கம் கேட்க வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

நெற்றிக் காயம் பத்து நாளில் ஆறிவிடும். இகாமா என்ற குடியிருப்பு அனுமதி போனால் எது ஆற்றும்? போன மாதந்தான் பஹாஹீலில் கூடிக் கோஷமிட்ட வெளிநாட்டாரைப் பிடித்துத் திருப்பியனுப்புவதாக இந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. கைரேகை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டால், பழனிசாமியின் ஒற்றைத் தலைமைக்காக அடித்தவரும் இருவரின் இரட்டைத் தலைமைக்காக அடிபட்டவரும் ஒரே விமானத்தில், அடுத்தடுத்த ஆசனத்தில் உட்கார்ந்துதான் ஊர் போய்ச் சேர வேண்டும். அப்போதாவது சமாதானம் பேசுவார்களோ என்னவோ!

கல்லெறிந்தவனைத் திட்டுவது சுலபம். அவன் கையில் அந்தக் கல் எப்படி வந்தது என்று கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. நான் சொல்லுகிறேன்: அவனுக்குச் சேரவேண்டிய வாக்குச்சீட்டைக் கொடாதவர்கள், அதற்குப் பதிலாகக் கல்லைக் கொடுத்தார்கள்.

1972இல் எம்.ஜி.ஆர். இந்தக் கட்சியைத் தொடங்கியபோது, பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டுமென்பதை அதன் ஆதார விதியாக வைத்தார். அந்த விதி என்ன கதியாயிற்று? ஜெயலலிதா அம்மையார் மறைந்தபின், 2017இல் அந்தப் பதவியையே மூட்டை கட்டிவைத்து பன்னீர்செல்வத்துக்கு ஒருங்கிணைப்பாளர், பழனிசாமிக்கு இணை ஒருங்கிணைப்பாளர் என்று இரண்டு பதவிகளைச் சிருஷ்டித்தார்கள். சென்ற டிசம்பரில் அவற்றுக்குத் தேர்தல் என்றார்கள். வேட்புமனு கேட்டு வந்த ஒரு மனிதரைத் தலைமை நிலையத்திலேயே அடித்து விரட்டினார்கள். பிறகு இருவரும் ‘போட்டியின்றி’த் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அடித்து விரட்டினால் போட்டி எங்கிருந்து வரும், ஐயா?

ஒரு சாரார், பொதுக்குழு இருக்கும்போது வேறு வாக்கு எதற்கு என்கிறார்கள். அதாவது, பொதுக்குழு உறுப்பினர் விருந்து சாப்பிட்டால் ஒன்றரைக் கோடித் தொண்டர்களுக்கும் ஏப்பம் வர வேண்டும்! ஜூன் 23ஆம் தேதி வானகரத்துக் கல்யாண மண்டபத்தில் அந்தப் பொதுக்குழுவின் லட்சணத்தைப் பார்த்தோம். இருபத்துமூன்று தீர்மானங்களை ஒரே கூச்சலில் தள்ளுபடி செய்துவிட்டு, வெளியேறிய ஒருங்கிணைப்பாளர் பன்னீர்செல்வத்தின்மீது தண்ணீர்ப் பாட்டிலை வீசினார்கள். கல்யாண மண்டபத்தில் விவாகரத்து நடத்திய பெருமை அவர்களுக்கே உரியது.

மற்றொரு சாரார் ‘தர்மயுத்தம்’ என்கிறார்கள். 2017 பிப்ரவரியில் மெரீனாவில் பன்னீர்செல்வம் தொடங்கிய தர்மயுத்தம் ஆகஸ்டில் துணை முதலமைச்சர் நாற்காலியில் இளைப்பாறிற்று. சென்ற டிசம்பரில் மனுக் கேட்டவன் உதைபட்டபோது அந்தத் தர்மம் எங்கே உறங்கிக்கொண்டிருந்தது?

இங்கே ஒரு பழைய சங்கதி. 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவிக்குச் சத்தியமூர்த்தியின் ஆதரவோடு காமராஜரும், ராஜாஜியின் ஆதரவோடு சி.பி. சுப்பையாவும் நின்றார்கள். காமராஜருக்கு 103, சுப்பையாவுக்கு 100. மூன்றே வாக்கு! 1954இல் சட்டமன்றக் கட்சித் தலைமைக்குக் காமராஜரோடு சி. சுப்பிரமணியம் மோதினார், 93க்கு 41. வென்றவர், தோற்ற சுப்பிரமணியத்தையும் அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தம் மந்திரிசபையிலேயே சேர்த்துக்கொண்டார். அவர்களுக்குள் துவேஷம் இல்லையா? ஏராளமாக இருந்தது. ஆனால் எண்ணப்பட்ட வாக்கு ஒன்று இருந்தபடியால், தோற்றவர் தோற்றேன் என்று மானத்தோடு சொல்ல முடிந்தது. எண்ணாத இடத்தில் யாரும் தோற்பதில்லை. ஆகையால் சண்டையும் முடிவதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? எம்.ஜி.ஆர். மறைந்தபின் கட்சி இரண்டாகப் பிளந்து நின்ற 1989 தேர்தலில் சேவல் சின்னத்தில் ஜெயலலிதா அணி 27 இடங்களைப் பெற, இரட்டைப் புறாச் சின்னத்தில் ஆண்டிபட்டியில் தோற்ற எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி அம்மையார் கௌரவமாக விலகி, கட்சி ஒன்றுபட வழிவிட்டார். ராயப்பேட்டை மாளிகை யார் கொடுத்தது? அந்த அம்மையார் கொடுத்தது! அவர் தானம் செய்த வீட்டின் கதவையா உடைத்தீர்கள்? அந்த வாசலிலா ரத்தம் சிந்தினீர்கள்? வெட்கமில்லையா?

கடந்த திங்கட்கிழமை கூடிய பொதுக்குழுவில், நான்கு மாதத்தில் உறுப்பினர்களே பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று தீர்மானம் செய்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் அதே கூட்டத்தில், வேட்பாளரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிந்து, பத்து மாவட்டச் செயலாளர்கள் வழிமொழிய வேண்டுமென்றும் விதித்துவிட்டார்கள். கதவைத் திறந்துவைத்து, வாசலில் இருபது காவலாளிகளை நிறுத்தும் சாமர்த்தியத்தை என்னவென்பது! மனுவே கொடுக்க முடியாதவனுக்கு வாக்குரிமை எதற்கு?

இந்த நாட்டில் நமக்கு வாக்கு இல்லை. அதைப் பற்றி எனக்குக் குறையில்லை, நாம் விருந்தாளிகள். ஊர்த் தேர்தலில் வாக்களிக்க வேண்டுமானால் விடுப்பு வாங்கி விமானம் ஏற வேண்டும், அதையும் சகித்துக்கொள்ளுகிறோம். நாற்பது வருஷமாகக் கொடி பிடித்த கட்சியிலும் வாக்கு இல்லை என்றால், எதற்காக நீங்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளுகிறீர்கள்? உங்கள் இருவரையும் கேளாமல் முடிவு செய்கிறவர்களுக்காகவா?

ஆகையால் ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். இருபது மாவட்டச் செயலாளர்களின் தயவு வேண்டுமென்ற விதியை ரத்து செய்து, உறுப்பினர் அட்டை வைத்திருக்கிற ஒவ்வொரு தொண்டனுக்கும் சீட்டைக் கொடுத்து எண்ணுங்கள் என்று இரு தலைவர்களையும் அதில் கேட்டிருக்கிறோம். அந்தத் தேனிக்காரரும் சேலத்துக்காரரும் இந்தச் சபையில்தான் இருக்கிறார்கள். முதல் இரண்டு கையெழுத்தும் அவர்களுடையவையாக இருக்கட்டும். தம்பிகளே, எழுந்து வாருங்கள்!