பழைய பதிவுகள் புதுக் கணினியில் திறக்குமா?

(வெள்ளிமலையில் நடந்த குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 கள்ளக்குறிச்சியிலிருந்தும் கச்சிராயபாளையத்திலிருந்தும் மலையேறி வந்திருக்கிறீர்கள். அஸருக்குள் முடித்துவிட வேண்டும் என்பது நிர்வாகிகளின் உத்தரவு. முடித்துவிடுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

நம் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் புதுக் கணினி வாங்குவதென்று முடிவாகியிருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். இப்போதிருப்பதில் ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பி. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதன் பிறகும் அது நமக்காக உழைத்தது என்றால் அதன் பொறுமையைப் பாராட்ட வேண்டும். "பழையதை எடைக்குப் போட்டுவிடலாமா அண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டார். போடக் கூடாது தம்பி. எப்போது போடலாம் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? பழைய நிக்காஹ் தஃப்தர்களின் தட்டச்சுப் படி இருக்கிறது. பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் வாங்கியவர்கள், திருப்பிக் கட்டியவர்கள் கணக்கு இருக்கிறது. பிள்ளைகளின் கல்வி உதவி மனுக்கள், பள்ளிவாசல் இடத்தின் சர்வே எண்கள் எல்லாம் இருக்கின்றன. எந்த மதத்துத் திருமணமானாலும் பதிவு செய்ய வேண்டும் என்ற தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2009 நவம்பரில்தான். அதற்கு முன்னால் நடந்த நிக்காஹுகளில் பலவற்றுக்கு ஜமாஅத் தஃப்தரை விட்டால் வேறு எழுத்துச் சான்று கிடையாது.

என் தவறு ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். சில வருடங்களுக்கு முன், கணவர் மவ்த்தாகி, குடும்ப ஓய்வூதியத்துக்காக அலைந்துகொண்டிருந்த ஒரு தாய் நிக்காஹ் சான்று கேட்டு வந்தார். 1980களில் நடந்த நிக்காஹ். அந்த வருடத்துத் தஃப்தரைக் கரையான் தின்றிருந்தது. நல்லவேளையாக 2004 வாக்கில் அதைத் தட்டச்சு செய்து வைத்திருந்தோம். கோப்பைப் பென் டிரைவில் எடுத்து என் டிடிபி கடைக் கணினியில் திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியுமாக ஓடியது. இது நான் அடிக்கடி பார்க்கிற வியாதிதான். பாமினி ஃபான்ட் என்று நினைத்து, இணையத்தில் கிடைக்கிற மாற்றியில் போட்டு யூனிகோடாக மாற்றினேன். பெரும்பகுதி அழகாகத் தமிழில் வந்துவிட்டது. அந்தத் தாயின் பெயரில் மட்டும் முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு குறி நின்றது. ஜ என்று ஊகித்துப் போட்டேன். அது ஷ.

சான்றைக் கொண்டுபோன அலுவலகத்தில், ஆதாரில் ஒரு பெயர், இதில் ஒரு பெயர் என்று திருப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. அந்த அம்மா மலையிலிருந்து மூன்று தடவை பஸ்ஸில் இறங்கினார். கடைசியில், முன்னாள் செயலாளர் ஒருவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் 2004இல் எடுத்த தாள் பிரதி கிடைத்து, அதை வைத்துத் திருத்திக் கொடுத்தோம். அந்தக் கோப்பை இரண்டு பேர் தட்டச்சு செய்திருக்கிறார்கள். ஒருவர் பாமினியில், இன்னொருவர் வானவில்லில். நான் எல்லாவற்றையும் பாமினி என்றே மாற்றிவிட்டேன். முழுக்கத் தப்பாக வந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். முக்கால்வாசி சரியாக வந்ததுதான் என்னை ஏமாற்றியது.

ஏன் இப்படி ஆகிறது? கணினி எழுத்தை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை, எண்ணாக வைத்துக்கொள்கிறது. பழைய தமிழ் ஃபான்டுகள் செய்தது ஒரு தந்திரம். ஆங்கில எழுத்தின் எண்ணை வைத்துக்கொண்டு, திரையில் மட்டும் அதற்குத் தமிழ் எழுத்தின் உருவத்தைக் காட்டின. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினி உள்ளே வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் சட்டை கழன்று உள்ளே இருப்பது தெரிந்துவிடுகிறது. வானவில் வேறு தந்திரம். ஒவ்வொரு ஃபான்ட் செய்தவரும் தமக்குத் தோன்றிய இடத்தில் எழுத்தை வைத்தார்.

இதை ஒழுங்குபடுத்த முயற்சி நடக்காமல் இல்லை. 1999இல் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடத்தி, டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அரசு அறிவித்தது. உலகத் தமிழர்கள் இணையத்தில் பேசிப் பேசி டிஸ்கி என்ற ஒன்றை உருவாக்கினார்கள். யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் இருந்தது. ஆனாலும் 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான் தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணையிட்டது. ஆணை வந்த பிறகும் எங்களைப் போன்ற டிடிபி கடைக்காரர்கள் உடனே மாறவில்லை. நாங்கள் பக்கம் கட்டியது பேஜ்மேக்கரில். 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பதிப்பு. அதற்கு யூனிகோடு தமிழ் தெரியாது. ஆகவே நம் அறக்கட்டளை மலரின் பழைய இதழ்கள் எல்லாமே அந்த ஆங்கில வேஷத்தில்தான் தூங்குகின்றன.

இதில் நமக்கென்று தனியாக ஒரு சங்கடம் இருக்கிறது. பாமினியில் ஜ, ஸ, ஹ, ஷ எங்கே இருக்கின்றன தெரியுமா? சதுர அடைப்புக்குறிகள், மேற்கோள் போன்ற ஒரு குறி, சாய்கோடு, இவை இருக்கிற விசைகளில். ஃ இருப்பது இன்னொரு சாய்கோட்டில். ஹாஜிரா, ஷாஜஹான், ஃபாத்திமா என்று நம் வீட்டுப் பெயர்களை எழுதினால் பாதி எழுத்து நிறுத்தக் குறிகளில் போய் உட்காருகிறது. முருகன், வேலு என்பவை பத்திரமாகக் கரை சேர்ந்துவிடும், நம் பெயர்கள்தான் வழியில் அடிபடும். இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. 45/2 என்ற சர்வே எண்ணை மாற்றியில் போட்டால் 45ஃ2 என்று வரும். தேதிகளும் அப்படித்தான். பள்ளிவாசல் இடத்துச் சர்வே எண்ணில் ஆய்த எழுத்து இருந்தால் எந்தத் தாசில்தார் ஒப்புக்கொள்வார்?

கண்ணுக்கே தெரியாத ஒன்றும் இருக்கிறது. பழைய ஃபான்டுகளில் ஔகாரத்துக்கு ஒற்றைக்கொம்பும் ள எழுத்தும்தான். அதனால் 'மௌலவி' என்பது மாறும்போது, மெ, ள, லவி என்று நான்கு எழுத்தாகி நிற்கும். அச்சில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கணினியில் மௌலவி என்று தேடினால் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள். ஆயிரம் பெயர் உள்ள பட்டியலில் மௌலவிகள் எல்லாரும் காணாமல் போவார்கள்.

எழுத்து முறை மாறும்போது பழையதைக் காப்பது எப்படி என்ற கேள்வி நம் சமுதாயத்துக்குப் புதிதில்லை. வஹியோடு எதையும் ஒப்பிட நான் வரவில்லை. எழுதியவர்கள் காட்டிய எச்சரிக்கையை மட்டும் பாருங்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்து முஸ்ஹஃபுகளில் இன்று நாம் பார்க்கிற ஜபர், ஜேர், பேஷ் கிடையாது. அரபி தாய்மொழியாக இல்லாதவர்கள் இஸ்லாத்துக்கு வந்தபோது ஓதுவதில் பிழை வரத் தொடங்கியது. அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) அவர்கள் உயிர்க்குறிகளாகப் புள்ளிகளை வைத்தார்கள். எழுத்தின் மையோடு கலந்துவிடாமல் வேறு நிற மையில் வைத்தார்கள். எது முன்பிருந்தது, எது பின்னால் சேர்ந்தது என்று பார்த்ததும் தெரிய வேண்டும் அல்லவா! பிறகு கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) இன்றைய குறிகளுக்கு வடிவம் கொடுத்தார்கள். இத்தனை நடந்தும் அடிப்படை எழுத்தில் கை வைக்கவில்லை. இன்றும் ஸலாத், ஸகாத் என்ற சொற்கள் வாவ் போட்டே எழுதப்படுகின்றன. மக்தப் பிள்ளைகளுக்கே தெரியும். ஓதுகிறவருக்கு உதவி மேலே சேர்ந்தது, கீழே இருந்தது அப்படியே இருந்தது.

இதற்கு மாறாக நடந்ததும் நம்மிடமே இருக்கிறது. அரபுத்தமிழ். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் அரபி எழுத்தில் தமிழை எழுதினார்கள். தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளைப் புதிதாகவே உண்டாக்கிக்கொண்டார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் 1898இல் மறைந்தார்கள். அவர்கள் காலத்தில் பெண்கள்கூட வீட்டில் சரளமாகப் படித்த எழுத்து அது. இன்று அந்தக் கிதாபு ஒன்று நம் வீட்டுப் பெட்டியில் கிடைத்தால் எத்தனை பேரால் படிக்க முடியும்? தாள் கெடவில்லை, மை அழியவில்லை, மொழியும் தமிழ்தான். படிக்கத் தெரிந்தவர் இருக்கும்போதே நாம் மாற்றி எழுதி வைக்கவில்லை. பாமினி கோப்பு இருபது முப்பது வருடத்தில் அந்த நிலைக்கு வந்துவிட்டது.

ஆகவே நான் நிர்வாகிகளிடம் கேட்டிருப்பது இவ்வளவுதான். புதுக் கணினி வரட்டும். பழையதும் பக்கத்திலேயே இருக்கட்டும், அதன் ஃபான்டுகளோடு. முதல் வேலை, பழைய கணினியிலேயே ஒவ்வொரு கோப்பையும் திறந்து தாளில் அச்செடுப்பது. அந்தத் தாள்தான் திறவுகோல். என்னைக் காப்பாற்றியதும் அதுதான். கூடவே பிடிஎஃப் ஆகவும் எடுத்துக்கொள்ளலாம். கண்ணால் படிக்க அது போதும், தேடுவதற்கு உதவாது, ஏனென்றால் உள்ளே அதே ஆங்கில எண்கள்தான். பிறகு மூலக் கோப்பைத் தொடாமல் நகல் எடுத்து, நகலை மட்டும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. எந்தப் பகுதி எந்த ஃபான்ட் என்று முதலில் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். பேஜ்மேக்கர் கோப்புகளை விரைவாக முடிக்க வேண்டும், ஏனென்றால் இன்டிசைனில் சிஎஸ்6 வரைதான் அவற்றைத் திறக்கும். வேர்டு கோப்புகளில் அவ்வளவு அவசரமில்லை. 2007க்கு முந்தைய வேர்டு கோப்பை இன்றைய வேர்டும் திறக்கும், இலவசமான லிப்ரே ஆபீஸும் திறக்கும். லிப்ரே ஆபீஸையே போட்டுக்கொள்வோம் என்பது என் கருத்து. ஸகாத் கணக்கைத் திருட்டு நகல் மென்பொருளில் எழுதுவது எனக்கு உறுத்துகிறது.

மாற்றியபின் சரிபார்ப்பது இருவர் வேலை. ஹாஃபிழ்கள் ஒருவர் ஓத இன்னொருவர் கேட்டுத் திருத்துவதைப் போல, ஒருவர் தாளைப் பார்த்து உரக்கப் படிக்க, இன்னொருவர் திரையைப் பார்க்க வேண்டும். பெயர், தேதி, மஹர் தொகை, சர்வே எண் இந்த நான்கிலும் ஊகமே கூடாது. தெரியாத இடத்தில் காலியாக விட்டுச் சிவப்பில் குறித்துவையுங்கள். கடனை எழுதிவைக்கச் சொல்கிற அல்பகரா 282ஆம் வசனம் குர்ஆனிலேயே நீளமானது. சிறிய தொகை என்று சலிப்படையக் கூடாது என்பதும் அதிலேயே வருகிறது. ஐநூறு ரூபாய்க் கடனின் வரியையும் அதே கவனத்தோடு பாருங்கள்.

இன்னொன்று. நம் இளைஞர்கள் ஆர்வத்தில், பழைய பதிவுகளில் விழுப்புரம் மாவட்டம் என்று இருப்பதையெல்லாம் கள்ளக்குறிச்சி என்று ஒரே தட்டில் மாற்றிவிடுவார்கள். செய்யாதீர்கள். கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019இல் வந்தது. விழுப்புரமே 1993இல்தான் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்தது. 1985இல் நடந்த நிக்காஹ் தென்னாற்காடு மாவட்டத்தில்தான் நடந்தது. அதைத் திருத்தினால் சான்றையே சந்தேகப்படுவார்கள்.

வரும் ஞாயிறு லுஹருக்குப் பிறகு அலுவலகத்தில் வேலை தொடங்குகிறது. வீட்டில் பழைய பென் டிரைவோ சிடியோ இருந்தால் கொண்டுவாருங்கள். அதைவிட முக்கியம், பழைய நிக்காஹ் அழைப்பிதழ்கள். அழித்துக் குப்பையில் போடாமல் யாராவது ஒரு பெரியம்மா பீரோவில் வைத்திருப்பார். பெயர் சரிபார்க்க அதைவிட நல்ல சாட்சி இல்லை. கண்ணாடி போட்டாவது உரக்கப் படிக்கக்கூடிய பெரியவர்கள் ஆறு பேர் வேண்டும். இதுவரை இரண்டு பேர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

பாங்கு சொல்லப் போகிறார்கள். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.